ஔவை வேடமும் நாடகப் பள்ளியும்

(ஐரோலியில் தமிழன்பர்கள் கூடிய அவையொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



நாடகக் கலைஞர் ஒருவரைப் பற்றி, அவர் நடிகராகவும் இருக்க வேண்டும், நாடகத்தை ஆக்கி நடத்தியவராகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பேசும்படி எனக்குக் கட்டளை வந்தபோது, இன்றைக்குச் சென்னையிலும் இந்த மும்பையிலும் மேடையேறிக்கொண்டிருப்பவர்களுள் ஒருவரை எடுத்துக்கொள்வேன் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பவரோ 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திருவனந்தபுரத்தில் பிறந்து, ஆறு வயதில் அரிதாரம் பூசி, 1973-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தவர். ஔவை சண்முகம் என்று தமிழ்நாடு முழுவதும் அழைத்த டி. கே. சண்முகம் அவர்கள். மறைந்தவரைப் புகழ்வது எளிது, அவர் எழுந்து வந்து மறுப்பதில்லை என்று நீங்கள் நினைக்கக்கூடும். மேடை நடிகன் விஷயத்தில் அது எளிதே அன்று. சிற்பி கல்லை விட்டுப் போகிறான். பாடகன் இசைத்தட்டை விட்டுப் போகிறான். கவிஞனுக்கு ஏடு இருக்கிறது. மேடை நடிகனுடைய கிருத்தியமோ படுதா இறங்கிய அந்தக் கணத்திலேயே அழிந்து போகிறது. ஆகவே அவரை மதிப்பிடப் புகுகிறவன், அவரே எழுதி வைத்த நூல்களையும், அவரிடம் பயின்றவர்களின் தொழிலையும், தப்பித் தவறிப் படச்சுருளில் பதிந்துபோன சில காட்சிகளையும் சாட்சியாக வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து அந்த மறைந்த மேடையை ஊகித்துக்கொள்ள வேண்டியவனாகிறான். அந்த ஊகத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

இந்த ஐரோலியில் வசிக்கும் நமக்கு ஒரு பாக்கியம் உண்டு. ரயிலேறி ஒரு திசையில் போனால் தானேயில் கட்கரி ரங்காயதன். எதிர்த் திசையில் போனால் வாஷியில் விஷ்ணுதாஸ் பாவே நாட்டியக்கிருகம். இரண்டும் நாடக ஆசிரியர்களின் திருநாமம் தாங்கிய மண்டபங்கள். 1843-ஆம் ஆண்டில் சாங்கலி சமஸ்தானத்தில் 'சீதா சுயம்வர'த்தை அரங்கேற்றி மராத்தி நாடகத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் பாவே. 'ஏகச் ப்யாலா' என்ற மதுவிலக்கு நாடகத்தால் மராத்தியர் கண்களைக் குளமாக்கியவர் ராம் கணேஷ் கட்கரி. தங்கள் நாடகாசிரியர்களை இவ்வளவு வாத்ஸல்யத்தோடு நினைவில் வைத்திருக்கும் ஒரு சமூகத்தின் நடுவே நாம் குடியிருக்கிறோம். நம் நாடகத்துக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள பழைய உறவும் சாமானியமானதன்று. தஞ்சையில் ஆண்ட மராத்திய மன்னர்கள் நாடகங்களை எழுதியும் ஆதரித்தும் வந்தவர்கள். பின்னர் மராத்தி நாடகக் குழுக்களும், பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் கம்பெனிகளும் தெற்கே வந்து காட்டிய படுதாக்களையும் ஹார்மோனியத்தையும் பார்த்துத்தான், பொழுது விடியுமட்டும் தெருவில் ஆடிய நம் கூத்து கொட்டகைக்குள் குடிபுகுந்தது. அந்தக் கொட்டகைக்குள் ஒழுங்கையும் கல்வியையும் கொண்டுவந்தவர்களின் பரம்பரையில் வந்தவர் சண்முகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் நடிகர். பெண் வேடம் அந்தக் குடும்பத்துக்குப் புதிதன்று. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்ற நான்கு சகோதரர்களையும் பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று நாடு ஒரே பெயரால் அழைத்தது. 1918-ஆம் ஆண்டு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யை நடத்தத் தொடங்கியபோது இந்தப் பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். சுவாமிகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் நடிகராகத் தொடங்கியவர். அவர் ஏற்ற உக்கிரமான வேடமொன்றைக் கண்டு அஞ்சிய பெண்ணொருத்திக்கு நேர்ந்த விபத்துக்குப் பிறகு, இனி வேடம் தரிப்பதில்லை என்று விரதம் பூண்டு, எழுதுவதிலும் கற்பிப்பதிலுமே ஆயுளைச் செலவிட்டார் என்பது நாடக உலகில் வழங்கிவரும் வரலாறு. அந்த வரலாற்றில் எனக்கு ஆழ்ந்த பொருள் தோன்றுகிறது. நடிகனுடைய ஆற்றல் கண்டவரை நடுங்கச் செய்வதோடு முடிந்துவிடலாகாது என்று தெளிந்த ஒருவரிடந்தான் நம் சண்முகம் அரிச்சுவடி படித்தார்.

சிறுவன் சண்முகத்தை மனத்திற் கொண்டு, 'அபிமன்யு சுந்தரி' என்ற முழு நாடகத்தையும், பாட்டும் வசனமும் உட்பட, சுவாமிகள் ஓரிரவில் எழுதி முடித்தார் என்ற செய்தியை நம்மில் பலர் கேட்டிருப்போம். அதைச் சொல்லுகிறவர்கள் சுவாமிகளின் வேகத்தை வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள். வியக்கத்தக்கது வேறொன்று என்பது என் அபிப்பிராயம். பொதுவாக ஆசிரியன் நாடகத்தை எழுதி வைத்துவிட்டு அதற்கேற்ற நடிகனைத் தேடுவான். இங்கே ஆசிரியர் ஒரு பிள்ளையின் குரல் எட்டும் எல்லையையும், அவன் நினைவு தாங்கும் பாரத்தையும், அவன் உடல் நிற்கும் வாகையும் அளந்தறிந்து, அந்த அளவுக்குச் சட்டை தைப்பதுபோல் ஒரு நாடகத்தைத் தைத்திருக்கிறார். நடிகனை அறிந்து நாடகம் செய்யும் இந்த வித்தையைத்தான் சண்முகம் தம் குருவிடமிருந்து பெற்றார் என்றும், பின்னாளில் தாமே பலரை ஆட்டுவிக்கும் ஸ்தானத்துக்கு வந்தபோது அவருக்குக் கைகொடுத்தது இதுவே என்றும் நான் கருதுகிறேன். 1922-ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தபோது சண்முகத்துக்கு வயது பத்து. நான்கே ஆண்டுப் பழக்கம். ஆயினும் அந்தக் குருவின் வரலாற்றைத் 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்ற பெயரில் நூலாக எழுதி, அவர் புகழை ஊரூராகச் சொல்லிக்கொண்டே வாழ்நாளைக் கழித்தார்.

பாலர் நாடக சபைகளின் வாழ்க்கையை இன்றைய இளைஞர்கள் கற்பனை செய்வதும் கடினம். கம்பெனி வீடு என்ற ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி, பகலெல்லாம் வாத்தியாரிடம் பாடம் ஒப்பித்து, இரவெல்லாம் விழித்து நடித்து, ஊர் விட்டு ஊர் பெட்டி கட்டிக்கொண்டு திரிந்த குழந்தைகள் அவர்கள். ஆண்பிள்ளைகளே பெண் வேடமும் போட்டார்கள். குரல் இனிமையாக இருக்கும் வரையில் பையன் கம்பெனியின் கண்மணி. மகரக்கட்டு வந்து தொண்டை உடைந்துவிட்டாலோ, நேற்றுவரை ராஜபார்ட்டாக இருந்தவன் இன்று சேவகன் வேடத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இந்த முறையைப் பொற்காலமென்று பாராட்டுவோர் உண்டு; என்னால் அப்படிப் பாராட்ட முடியவில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பிள்ளைகளை உழைக்க வைத்த ஏற்பாடு அது. ஆனாலும் அந்தக் கடுமையான உலையிலிருந்து வந்தவர்களுக்குச் சொற்சுத்தமும், கால அநுசாரமும், மேடையில் தன் இடமறிந்து நிற்கும் அடக்கமும் இயல்பாகிவிட்டன என்பதையும் மறைக்க முடியாது. அந்த நன்மையையும் தீமையையும் ஒருசேர அநுபவித்த சண்முகம், 'எனது நாடக வாழ்க்கை' என்ற தம் சுயசரிதத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறார்.

1925-ஆம் ஆண்டில் சகோதரர்கள் தங்களுடைய சொந்தக் கம்பெனியாகிய 'மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை'யைத் தொடங்கினார்கள். சண்முகத்துக்கு அப்போது பதின்மூன்று வயது. அதன்பின் அவர்களுக்கு இரண்டாவது பேராசிரியராக வாய்த்தவர் எம். கந்தசாமி முதலியார். நாடக மறுமலர்ச்சித் தந்தை என்று போற்றப்பெறும் அவர், ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்', 'சந்திரகாந்தா' போன்ற நாவல்களையும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வையும் நாடகமாக்கிப் பயிற்றுவித்தார். புராண ராஜாக்கள் இருந்த இடத்துக்கு வக்கீலும் போலீஸ்காரரும் மாமியாரும் வந்தார்கள். ராகமாலிகை இருந்த இடத்துக்குச் சம்பாஷணை வந்தது. எதிரே நிற்கும் பாத்திரத்தை அடியோடு மறந்துவிட்டுச் சபையைப் பார்த்தே பாடிப் பழகிய நடிகனுக்கு, எதிரே நிற்கிறவனிடம் பேச வேண்டும், அவன் பேசும்போது கேட்கவும் வேண்டும் என்ற பாடம் அப்போதுதான் கிடைத்தது. கேட்பதும் நடிப்பே என்பதை அறிந்த நடிகர்கள் இன்றைக்கும் சிலரே. சுவாமிகளிடம் சொல்லையும் முதலியாரிடம் மௌனத்தையும் கற்றவர் சண்முகம் என்று சொன்னால் அது மிகையாகாது. பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா'வில் மனோகரனாக அவர் பெயர் பெற்றதற்கும் இந்த இரட்டைப் பயிற்சியே காரணமாயிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பாத்திரம் கர்ஜிக்கவும் வேண்டும், தாயின் ஒரு சொல்லுக்கு அடங்கி நிற்கவும் வேண்டும்.

இனி ஔவைக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பேச உத்தரவு கேட்கிறேன்.

1942-ஆம் ஆண்டில் 'ஔவையார்' நாடகம் அரங்கேறியபோது சண்முகத்துக்கு வயது முப்பது. கட்டிளங்காளையாக ராஜபார்ட் வேடங்களில் கொடிகட்டிப் பறக்கக்கூடிய வயது. அந்த வயதில் ஒருவர் நரைத்த தலையும் கூனிய முதுகும் கையிற் கோலுமாக, கிழவி வேடத்தை, அதுவும் நாடகத்தின் தலைமைப் பாத்திரமாக ஏற்பது என்பது லௌகிக நோக்கில் பார்த்தால் தற்கொலைக்குச் சமானம். நாடகக் கொட்டகைக்குக் கூட்டத்தை இழுத்தவை எவை? காதல் காட்சி, சண்டைக் காட்சி, தந்திரக் காட்சி. நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பாலவிநோத சங்கீத சபை கண்ணைப் பறிக்கும் காட்சி ஜோடனைகளால் ஜனங்களை மயக்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நாளில் காதலுமில்லாத, கத்தியுமில்லாத ஒரு மூதாட்டியை மேடையின் நடுவில் நிறுத்தி, மக்கள் பார்க்கத்தான் போகிறார்கள் என்று துணிந்தது ஒரு நிர்வாகியின் துணிவு. அந்த மூதாட்டியாகத் தாமே நின்றது ஒரு நடிகனின் துணிவு. இரண்டும் ஓரிடத்தில் கூடின. மக்களும் பார்த்தார்கள், பார்த்ததோடு நில்லாமல் அந்தக் கிழவியின் பெயரையே அவருக்கு அடைமொழியாகச் சூட்டிவிட்டார்கள். எஸ். எஸ். வாசன் கே. பி. சுந்தராம்பாளைக் கொண்டு 'ஔவையார்' படத்தை வெளியிட்ட 1953-ஆம் ஆண்டுக்குப் பதினோர் ஆண்டுகள் முன்பே, தமிழ் மக்களின் மனக்கண்ணில் ஔவைக்கு ஓர் உருவம் அமைந்துவிட்டிருந்தது.

ஆண்மகன் பெண் வேடம் தரிப்பது உலகில் பலவிடத்தும் உள்ள வழக்கம். நமக்கு அண்மையில் உள்ள உதாரணத்தையே பார்ப்போம். 1888-இல் பிறந்து 1967-இல் மறைந்த பால கந்தர்வரை மராத்திய நாடகத்தின் மகுடம் என்று சொல்வார்கள். கட்கரியின் 'ஏகச் ப்யாலா'வில் குடிகாரக் கணவனின் மனைவி சிந்துவாக 1919-இல் அவர் மேடையேறினார். அவர் உடுத்த புடவையின் கட்டையும், தலையிற் சூடிய பூவையும் பார்த்துப் புனேயிலும் பம்பாயிலும் குலஸ்திரீகள் தங்கள் அலங்காரத்தை அமைத்துக்கொண்டார்கள் என்று சொல்லப்படுவதிலிருந்தே, அவர் மேடையில் உண்டாக்கிய ஸ்திரீ சௌந்தர்யம் எத்தகையது என்பது விளங்கும். சீனத்தில் மேய் லான்பாங் என்ற மகாநடிகர் இருந்தார். 1935-இல் அவர் மாஸ்கோவுக்குப் போயிருந்தபோது, ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் அவர் ஆட்டத்தைப் பார்த்து வியந்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இவ்விருவருடைய மேதையும் மறுக்க முடியாதது. ஆனால் இருவருமே பெரும்பாலும் ஆவாஹனம் செய்தது இளமையும் எழிலும் நளினமும் பொருந்திய பெண்மையை. ஸ்திரீபார்ட் என்றாலே உலகம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். பால கந்தர்வர் வயது முதிர்ந்த பின்னும் அந்த இளமை வேடங்களை விடாமல் தரித்ததையும், அதைக் கண்டு அவருடைய பக்தர்களே மனம் வருந்தியதையும் மராத்தியர் சொல்லக் கேட்கலாம். சண்முகம் இளமையிலேயே முதுமையை ஏற்றுக்கொண்டவர். காலம் அவர் வேடத்தைக் கெடுக்க முடியவில்லை. வயது ஏற ஏற அந்த வேடம் அவருக்குப் பொருத்தமாகிக்கொண்டே வந்தது.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். ஸ்திரீபார்ட்டுக்கு நம் மேடை வழக்கமாக ஒதுக்கியவை அந்த எட்டில் இரண்டு: அழுகையும் உவகையும். கதாநாயகி காதலனைக் கண்டு மகிழ்வாள், அவனைப் பிரிந்து அழுவாள். ஔவையோ வேறு ஜாதி. அவளுக்கு உரிய மெய்ப்பாடு பெருமிதம். பெருமிதம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் சொல்லும் நான்கில் வீரனுக்குரிய அஞ்சாமையும், வள்ளலுக்குரிய கொடையும், புகழும் இருக்க, அவற்றோடு கல்வியும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. படித்தவளின் பெருமிதம்! மன்னன் அவைக்குள் ஒரு கிழவி அஞ்சாமல் நுழைகிறாள். அவளிடம் படையில்லை, பொருளில்லை, அழகில்லை. தமிழ் மட்டும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறாள். இந்தப் பெருமிதத்தை ஆண்குரலின் அதட்டலாலும் காட்டலாகாது, பெண்குரலின் குழைவாலும் காட்டலாகாது. கிழப்பருவத்தின் நடுக்கத்தை உடலில் வைத்து, அறிவின் உறுதியைச் சொல்லில் வைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் சபையோர் உணரும்படி செய்ய வேண்டும். கையில் உள்ள கோல் நடுங்கும். நாவில் உள்ள செய்யுள் நடுங்காது. அந்த வேடத்தின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சுவாமிகளிடம் செய்யுளைப் பிழையின்றிச் சொல்லக் கற்ற பிள்ளையைத் தவிர வேறு யார் அதைச் செய்திருக்க முடியும்? இளமையைத் தானே வேண்டி உதறிய காரைக்காலம்மையாரைப் போல, ஔவையும் முதுமையை வரமாகப் பெற்றவள் என்பது நம் மக்களின் நம்பிக்கை. அந்த வரத்தை ஒரு முப்பது வயது வாலிபர் மேடையில் பிரத்தியட்சமாக்கிக் காட்டினார்.

நான் மேடையில் பார்க்காததைப் பார்த்ததுபோல் வருணிக்கிறேன் என்று நீங்கள் சொல்லலாம். இதோ, எல்லோரும் பார்க்கக்கூடிய சாட்சி ஒன்று இருக்கிறது. 1961-இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சுப்பிரமணிய சிவாவாக வருகிறவர் சண்முகம். சிவாஜி கணேசன் சிதம்பரனாராக நடிக்கும் படத்தில், அந்த மகத்தான நடிப்புப் பிரவாகத்துக்குப் பக்கத்தில், இன்னொரு நடிகர் தம்மை இழக்காமல் நிற்பது சுலபமன்று. எதிர்த்து நின்று போட்டியிடத் தொடங்கினால் காட்சியே நாசமாகும். சண்முகம் போட்டியிடவில்லை. மேடைப் பேச்சில் அனல் கக்கும் சிவாவையும், பின்னர்த் தொழுநோயால் உருக்குலைந்து தம் பழைய தோழரின் முன் வந்து நிற்கும் சிவாவையும் அவர் ஒரே மனிதராகக் காட்டுகிறார். நோய் கண்ட அந்தக் கட்டத்தில் பரிதாபத்தை யாசிக்கும் ஒரு தொனியைக்கூட அவர் சேர்ப்பதில்லை. உடல் குலைந்தாலும் சொல் குலையாத அந்த மனிதரைப் பார்க்கும்போது, ஔவை எப்படி நின்றிருப்பாள் என்பது எனக்கு விளங்கிவிடுகிறது. வீட்டுக்குப் போனதும் அந்தப் படத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நடிகரைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆட்டுவித்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு வகையானது. நெறியாளர் என்று இன்று நாம் சொல்லும் உத்தியோகம் அன்றைய கம்பெனிகளில் தனியாக இருந்ததில்லை. வாத்தியார் இருப்பார், முதலாளி இருப்பார். இருவருக்குமிடையில் நாடகம் ஏதோ ஒருவிதமாக உருவாகும். சண்முகமும் சகோதரர்களும் தாங்களே முதலாளிகளாகவும் தாங்களே நடிகர்களாகவும் இருந்தபடியால், எந்த நாடகத்தை எடுப்பது என்ற முதற்கேள்வியிலேயே கலையின் குரலுக்கு ஓர் இடம் கிடைத்தது. வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' அரசாங்கத் தடைக்கு உள்ளானபோது, அதைத் 'தேசபக்தி' என்று பெயர் மாற்றி மேடையேற்றினார்கள். நிருபமா தேவியின் வங்காள நாவலைத் தழுவிக் 'குமாஸ்தாவின் பெண்'ணை நடத்தினார்கள்; அது 1941-இல் படமாகவும் வந்தது. கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் 'அந்தமான் கைதி', கல்கியின் 'சிவகாமியின் சபதம்', அரு. ராமநாதனின் 'ராஜராஜ சோழன்' என்று, எழுத்தாளர்களை மேடைக்கு அழைத்துவந்த ஒரு பெரிய வரிசை அது. அச்சுப் புத்தகத்துக்கும் அரங்குக்கும் இடையே அவ்வளவு அகலமான பாலத்தைத் தமிழில் அதற்கு முன் யாரும் கட்டியதில்லை.

அந்த 'ராஜராஜ சோழ'னில் சோழச் சக்கரவர்த்தியாகக் கம்பீரமாக நின்றவர் தம்பி பகவதி. கம்பெனியில் புகழ் மிகுந்த நடிகர், தலைமை வேடம் தமக்கே என்று எடுத்துக்கொள்வதுதான் நாடக உலகின் எழுதாத சட்டம். உயரமும் குரலும் எவருக்குப் பொருந்துகின்றனவோ அவருக்கு வேடம் என்று விட்டுக்கொடுப்பவரே நெறியாளர் என்ற பெயருக்கு உரியவர். தம்பிக்குச் சக்கரவர்த்தி வேடம் கொடுத்ததில் என்ன தியாகம் என்று கேட்கலாம். கம்பெனிகள் உடைந்த வரலாறு தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். சகோதரர்களுக்குள்தான் அதிகம் உடைந்தன.

அவருடைய சபையில் இருந்து போனவர்களின் பெயர்களைச் சொன்னாலே போதும்: என். எஸ். கிருஷ்ணன், எஸ். வி. சகஸ்ரநாமம், கே. ஆர். ராமசாமி, எஸ். எஸ். ராஜேந்திரன், ஏ. பி. நாகராஜன். கலைவாணர் கிருஷ்ணன் ஒருவகை, சகஸ்ரநாமம் முற்றிலும் வேறுவகை. ஒருவருக்கொருவர் சாயலே இல்லை. நல்ல பள்ளிக்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி எதுவும் எனக்குத் தெரியாது. ஆசிரியரின் நகல்களாக மாணவர்கள் வெளிவந்திருந்தால் நான் இவ்வளவு பாராட்டமாட்டேன். சேவா ஸ்டேஜை நிறுவி நவீன நாடகத்துக்கு வழிதேடினார் சகஸ்ரநாமம். 'ராஜராஜ சோழன்' நாடகத்தையே 1973-இல் சிவாஜியை வைத்துப் படமாக்கினார் நாகராஜன். பிற்காலத்தில் அந்தச் சபையில் சிறுவனாகச் சேர்ந்து 'அப்பாவின் ஆசை' என்ற நாடகத்தில் நடித்த கமல்ஹாசன், தாம் பெண் வேடமிட்ட படத்துக்கு 1996-இல் 'அவ்வை சண்முகி' என்று பெயரிட்டார். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரில் இருக்கும் குருவணக்கத்தை உணர்ந்தார்களோ!

இனி என் மனத்திற்பட்ட குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குறை சொல்லத் தெரியாதவனின் பாராட்டுக்கு விலையில்லை. சண்முகத்தின் அரங்கு அறிவுரை சொல்வதில் அளவு கடந்த ஆசையுடையதாக இருந்தது. தேசபக்தியையும் சீர்திருத்தத்தையும் தமிழ்ப் பற்றையும் மேடையிலிருந்து போதிப்பது அன்று காலத்தின் கட்டாயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாத்திரங்கள் தம்முள் பேசுவதை விட்டுவிட்டுக் கூட்டத்தை நோக்கிப் பிரசங்கம் செய்யத் தொடங்கும்போது, கந்தசாமி முதலியார் கற்பித்த பாடம் காற்றில் போய்விடுகிறது. சரித்திர நாடகங்களின் அலங்கார வசனத்தில் இந்த அபாயம் அதிகம். அந்த வசன மோகம் அவருக்குப் பின் சினிமாவுக்கும் அரசியல் மேடைக்கும் பரவியதில், அவருடைய தலைமுறைக்கும் பங்கு உண்டு. இரண்டாவது, 1935-இல் 'மேனகா' படத்தில் சகோதரர்கள் நடித்தது முதல், நாடகத்தில் உருவான நடிகர்களைச் சினிமா ஒருவர் பின் ஒருவராக எடுத்துக்கொண்டே போயிற்று; 1944-இல் ஈரோட்டில் நாடகக் கலைக்காக மாநாடு கூட்டி, அறிஞர் அண்ணா போன்றவர்களைப் பேச வைத்து, கலையைக் காப்பாற்ற அவர்கள் எவ்வளவோ முயன்றும் அந்த வெள்ளத்தைத் தடுக்க இயலவில்லை. இதை அவருடைய குறை என்பதைவிட அவருடைய சோகம் என்பதே நியாயம். 1962-இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1971-இல் பத்மஸ்ரீயும் வந்தன. சென்னையில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இட்டிருக்கிறார்கள். ஆனால் அவருடைய ஔவையை முழுமையாகப் படம்பிடித்து வைக்க வேண்டும் என்று, வசதி இருந்த அந்தக் காலத்தில், நம்மவர்களுக்குத் தோன்றாமல் போயிற்று. விருதுகளைக் காட்டிலும் அது பெரிய மரியாதையாக இருந்திருக்கும்.

மாதுங்காவில் ஷண்முகானந்தா மண்டபம் எழுந்த 1963-ஆம் ஆண்டு முதல், சென்னைக் குழுக்களின் நாடகங்களை அங்கே குடும்பத்தோடு போய்ப் பார்த்த பெரியவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். தாராவியிலும் செம்பூரிலும் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணமும் அரிச்சந்திரனும் விடிய விடிய நடந்ததைக் கண்டவர்களும் இருப்பீர்கள். அவற்றுள் பல சங்கரதாஸ் சுவாமிகளின் பாடத்தை ஒட்டியவை என்பதை அறிந்தோ அறியாமலோ பார்த்திருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளோ ஆண்டு விழாவில் கால் மணி நேர நகைச்சுவைத் துணுக்கு ஒன்றை மனப்பாடம் செய்யாமலே, கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு நடிக்கிறார்கள். அவர்களைக் கடிந்து பயனில்லை. நாம் அவர்களுக்குக் காட்டியது அவ்வளவுதான். ஆகவே நான் உங்களிடம் கேட்டுக்கொள்வன இரண்டே. அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒரு முழு நாடகத்தை எடுத்து, மூன்று மாதம் ஒத்திகை பார்த்து, வசனத்தை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து மேடையேற்றுங்கள். அதற்கு முன், நாட்டுடைமையாக்கப்பட்டு எவரும் எளிதிற் பெறக்கூடியதாக இருக்கும் 'எனது நாடக வாழ்க்கை'யை, நடிக்கப்போகும் பிள்ளைகளின் கையில் கொடுத்து வாசிக்கச் செய்யுங்கள். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு நீங்களே உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.